பிரேக்குக்குக் காத்து ஏறாம பஸ்ஸ எடுக்கச் சொல்றவங்களுக்கு

கம்பெனியில என் சம்பளத்துல 50 வெள்ளி (ரிங்கிட்) வெட்டிட்டாங்க. காசு போனதுக்காக நான் இத எழுதல, எதுக்கு வெட்டினாங்கன்னு கேளுங்க. பஸ்ஸ நிறுத்தினதுக்கு. ஓட்டக்கூடாத பஸ்ஸ, மழையில, விடியாத இருட்டுல, உள்ள 51 பேர வச்சிக்கிட்டு, ஓரங்கட்டி நிறுத்தினதுக்கு.

நான் மலேசியாவுல, பேராக் ஊத்தான் மெலிந்தாங் பக்கம் தோட்டத்துல பொறந்து வளந்தவன், 14 வருஷமா பேக்டரி பஸ் ஓட்டுறேன், பி.எஸ்.வி. (பயணிங்கள ஏத்துற வண்டி) லைசன்ஸ்ல இன்னிக்கு வரைக்கும் ஒரு ஆக்சிடென்ட் இல்ல. 3.40க்கு எந்திரிச்சு 4.30க்கு பஸ் கிட்ட நிக்கணும், 5 மணிக்கு முதல் லயத்துல (தோட்டத்து வீட்டு வரிசை) ஆளு ஏறணும், அப்புறம் ரெண்டு தோட்டம், ஒரு கம்போங் (கிராமம்), ஒரு தாமான் (குடியிருப்பு), எல்லாத்தையும் சுத்திக்கிட்டு 6.45க்கு பேக்டரி கேட்டுக்குள்ள இருக்கணும். நம்ம ரோடு எப்படின்னு இந்தப் பக்கம் ஓட்டுறவங்களுக்குத் தெரியும். அடியில பூரா சதுப்பு மண்ணு, எத்தன தடவ தார் போட்டாலும் அல அலயா அமுங்கிடும், பஸ்ஸு படகு மாதிரி ஆடும். செம்பனக் (எண்ணெய்ப் பன) குல ஏத்தின லோரி போன பாதையில உதிரிப்பழம் கொட்டிக் கிடக்கும், அது டயர்ல நசுங்கி மேல ஒரு தூறல் விழுந்தா போதும், எண்ணெய ஊத்தி விட்ட மாதிரி ஆயிடும். பனி வேற. பின்னாடி லைட் இல்லாத மோட்டோ வேற. நடு ரோட்டுல படுத்திருக்கிற கருப்பு மாடு பத்தி சொல்லவே வேணாம், கண்ணு மின்னுற வரைக்கும் அங்க ஒண்ணு இருக்குன்னே தெரியாது.

போன வியாழக்கிழமைக்கு வர்றேன். பெரிய வண்டி பிரேக் காத்துலதான் வேல செய்யும், காடி (கார்) பிரேக் மாதிரி இல்ல. ஸ்டார்ட் பண்ணி காத்து டேங்க் ரொம்புற வரைக்கும் நிக்கணும். என் பஸ்ல காத்து மீட்டர் முள்ளு 8 கிட்ட வந்து அசையாம நிக்கணும், 5க்கு கீழ எறங்குனா பசர் கத்தும். ரெண்டு வாரமா ராத்திரி நிறுத்திட்டுப் போனா காலைல முள்ளு சைபர்ல கெடக்குது. எங்கயோ லீக். தினம் காலைல டார்ச்ச புடிச்சிக்கிட்டு கீழ குனிஞ்சு டேங்க் வால்வ இழுத்து தண்ணி எறக்குறேன், நம்ம ஊரு ஈரத்துக்கு காத்தோட தண்ணியும் உள்ள போயி சேந்துடும், வெளிய வர்றது பால் கலந்த காப்பி மாதிரி எண்ணெயும் தண்ணியுமா வருது, அப்படின்னா கம்ப்ரஸரும் சரியில்லன்னு அர்த்தம். மூணு தடவ எழுதிக் குடுத்தேன், படமும் அனுப்பினேன். எனக்கு என்ன பதில் வந்துச்சு தெரியுமா? "நீ காலைல 12 நிமிஷம் எஞ்சின ஓட விட்டுட்டு நிக்கிறன்னு ஜி.பி.எஸ். ரிப்போர்ட்ல வருது, டீசல் வீணாவுது, பாத்துக்க." அந்த 12 நிமிஷம் காத்து ஏறுற நேரம்யா! அது இல்லன்னா பிரேக்கே இல்ல! இத ஒரு பஸ் கம்பெனி சூப்பர்வைசருக்கு நான் சொல்லிக் குடுக்கணுமா?

வியாழக்கிழம நல்ல மழ. ரெண்டாவது தோட்டத்துல ஆள ஏத்திட்டு மெயின் ரோட்டுக்கு வர்றேன், ரெண்டு தடவ பிரேக் மிதிச்சதுலயே முள்ளு சரசரன்னு எறங்குது, பசர் கத்த ஆரம்பிச்சிருச்சு. இன்னும் எறங்குனா என்ன ஆவும்னு தெரியாதவங்களுக்கு சொல்றேன், முதல்ல கால் பிரேக்குல பலம் போவும், அப்புறம் பின்னாடி இருக்கிற ஸ்பிரிங் பிரேக் தானா இறுக்கிப் புடிச்சுக்கும், வண்டிய அப்படித்தான் செஞ்சிருக்காங்க. நின்ன வண்டிக்கு அது நல்லது, ஈர ரோட்டுல ஓடுற வண்டியில பின் சக்கரம் பூட்டிக்கிச்சுன்னா பஸ்ஸு குறுக்கால திரும்பி எதிர்ல வர்றவன் மேல போயிடும். இந்தப் பக்கம் சாக்கட வாய்க்கா, அந்தப் பக்கம் லோரி வரிசையா வருது. கியர கொறச்சு, எஞ்சின் பிரேக்குல மெதுவா உருட்டிக்கிட்டே வந்து, தோட்டத்து சிம்பாங்ல (சந்தி) கல்லு போட்ட எடமா பாத்து நிறுத்தினேன். நிறுத்தினதுக்கு அப்புறம்தான் என் முழங்கால் நடுங்குறது எனக்கே தெரிஞ்சுது. முன் சீட்டு அக்கா ஒருத்தவங்க, என் அம்மா வயசு, "என்னா தம்பி?"ன்னாங்க. ஒண்ணும் இல்லக்கா, காத்து ஏறட்டும்னேன். 22 நிமிஷம் லேட்டு.

அந்த 22 நிமிஷத்துல ஹேன்போன் 9 தடவ அடிச்சுது. நிறுத்தி இருந்தேன், எடுத்தேன். ஓடுறப்பயும் இப்படித்தான் அடிக்கிறாங்க, "எங்க இருக்க, எங்க இருக்க"ன்னு, அதான் ஜி.பி.எஸ். இருக்கே, அதப் பாக்க வேண்டியதுதானே? 60 கிலோமீட்டர் வேகத்துல போற பஸ்ஸு ஒரு செகண்டுக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர் போவுது, என் பஸ்ஸோட நீளத்த விட ஜாஸ்தி. மூணு செகண்டு குனிஞ்சு ஹேன்போன பாத்தேன்னா 50 மீட்டர் கண்ண மூடிக்கிட்டு ஓட்டின மாதிரி. யாரு பதில் சொல்றது?

ஏறுறவங்க மேல எனக்குக் கோவம் இல்ல. "அண்ணே, கொஞ்சம் வெரசா போங்கண்ணே, பஞ்ச் கார்டு செவப்பாயிடும்"னு சொல்றாங்கன்னா அவங்களுக்கும் லேட்டுன்னா வெட்டுதான். நேபாள் பையன், பங்களாதேஷ் பையன், நம்ம ஆளுங்க, எல்லாருக்கும் அதே பயம். அந்தப் பயத்த எல்லாம் சேத்து என் வலது கால்ல கொண்டு வந்து வைக்கிறீங்க.

இன்னொண்ணு, 6 மாசத்துக்கு ஒரு தடவ இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போவுது பஸ்ஸு. போறதுக்கு முந்தின நாளு நல்ல டயரு வருது, பாஸ் ஆயி வந்ததும் அது வேற பஸ்ஸுக்குப் போயிடுது, எனக்குப் பழைய செலுப் (மேல ரப்பர் ஒட்டின) டயரு திரும்பி வருது. என் கண்ணால பாத்தது. ஸ்டிக்கர் மட்டும் புதுசு.

அப்புறம் தூக்கம். காலைல 7 மணிக்கு ஒரு டிரிப் முடிஞ்சா நடுவுல ரெஸ்ட்டுன்னு கணக்குல எழுதுறாங்க. மத்தியானம் ஸ்கூல் புள்ளைங்கள ஏத்த ஒரு டிரிப் இருக்கு, மிச்ச நேரம் வெயில்ல நிக்கிற பஸ்ஸுல பின் சீட்டுல படுக்கணும், வேர்வையில சீட்டு ஒட்டும், கொசு கடிக்கும், அது தூக்கமா? சாயங்காலம் 7 மணி ஷிப்ட்ட ஏத்திக்கிட்டு கடைசி ஆள எறக்குறப்போ 8.40. எந்திரிச்சதுல இருந்து எண்ணிப் பாருங்க, 17 மணி நேரம். 17 மணி நேரம் முழிச்சிருந்தவன் மூள, ரத்தத்துல 0.05 சதவீத அளவுக்கு சாராயம் இருக்கிறவன் மூள மாதிரி மந்தமாயிடும்னு ஆராய்ச்சி பண்ணியே சொல்லிட்டாங்க. நம்ம நாட்டுல 2020ல சட்டத்த மாத்தி அந்த 0.05ஐத் தாண்டினாதான் குடிச்சு ஓட்டின கேஸ் போடுறாங்க. நான் ஒரு சொட்டு குடிக்கல. தெனமும் அந்த நெலமையிலதான் உங்க வீட்டு ஆளுங்கள வீட்டுல கொண்டு வந்து விடுறேன். வாரத்துக்கு 45 மணி நேரம்தான் வேலன்னு 2023ல சட்டம் வந்துச்சு, ஆனா காத்துக்கிட்டு கெடக்கிற நேரம் வேல இல்லன்னு ஆபீஸ்ல கழிச்சிட்டாங்க. முடியலன்னு எம்.சி. (டாக்டர் லீவு) எடுத்தா டிரிப் காசு போச்சு, வெறும் பேசிக் சம்பளத்த வச்சு வீட்டு வாடகையும் மக ஸ்கூல் செலவும் எப்படிப் பாக்குறது?

2025 மே 13, நம்ம தெலுக் இந்தான் சித்ரா பௌர்ணமிக்கு பாதுகாப்புக்கு வந்துட்டுத் திரும்பின எப்.ஆர்.யூ. (கலகத் தடுப்பு போலீஸ்) லோரியில கல்லு லோரி மோதி 9 போலீஸ்காரங்க போயிட்டாங்க. நான் ஓட்டுற பக்கம்தான், சிக்குஸ் – சுங்கை லம்பாம் ரோடு. ஒரு மாசம் கூட ஆவல, ஜூன் 9 நடுச்சாமத்துக்கு மேல, கெரிக் கிட்ட பஸ்ஸு கவுந்து தஞ்சோங் மாலிம் யூனிவர்சிட்டி புள்ளைங்க 15 பேரு. 2013ல கெந்திங் மலை ரோட்டுல பஸ்ஸு விழுந்து 37 பேரு. ஒவ்வொரு தடவையும் ஒரு மாசம் ரோடு பூரா செக்கிங், மீட்டிங்கு, எங்கள உக்கார வச்சு படம் போட்டுக் காட்டுறாங்க. இப்ப ஸ்பீட் லிமிட்டர் வேற 2025 அக்டோபர்ல இருந்து கட்டம் கட்டமா கொண்டு வர்றாங்க, நல்லதுதான், நான் வேணாம்னு சொல்லல. ஆனா 6.45 கேட்டு டைம் மட்டும் ஒரு நிமிஷம் மாறல! வேகத்த கொறன்னு ஒருத்தன், நேரத்துக்கு வான்னு ஒருத்தன், நடுவுல மாட்டுறது ஸ்டீயரிங்க புடிச்சவன். கவுந்தா முதல்ல கேப்பாங்க, டிரைவருக்கு எத்தன சம்மன் இருக்குன்னு. அந்தப் பிரேக்க ரிப்பேர் பண்ணச் சொல்லி அவன் எத்தன தடவ எழுதிக் குடுத்தான்னு யாரு கேக்குறா?

இப்ப ராத்திரி 10 மணி ஆவுது, வாய்ஸ் மெசேஜ் வந்திருக்கு, மெக்கானிக் புதன்கிழமதான் வருவான், நாளைக்கும் அதே பஸ்தான், லேட் ஆக்காதன்னு. நானும் பதில் போட்டுட்டேன். 4.30க்கு வந்துடுவேன், ஸ்டார்ட் பண்ணுவேன், முள்ளு 8ல போயி அசையாம நிக்கலன்னா டிப்போவ விட்டு பஸ்ஸு வெளிய வராது. இன்னொரு 50 வெட்டணும்னா வெட்டிக்கோங்க.