வேடக் கணக்கும் கலைவாணரும்

மூத்த நடிகர்கள் தம் திரைவாழ்வைத் திரும்பிப் பார்த்துப் பேசும் நேர்காணல்களில், எத்தனை படம், எத்தனை வேடம், எத்தனை மணி நேரம் ஒப்பனை என்ற கணக்கே பெரிதும் வருகிறது. பன்முகத் திறமையை ஒப்பனைப் பெட்டியை வைத்து அளப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நாகர்கோவில்காரனுக்கு அதற்கு மாற்றாகச் சொல்ல ஓர் ஆள் உண்டு: ஒழுகினசேரியில் 1908-இல் பிறந்த நகைச்சுவை நடிகர் 'கலைவாணர்' என்.எஸ்.கிருஷ்ணன்.

ஒப்பனையின்றியே பல வேடமாவது எப்படி என்பது, எங்கள் பக்கத்துக் கோயில் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டு கேட்டவர்களுக்கு எளிதில் விளங்கும். வில்லின் முன் அமர்ந்த புலவர் இடத்தைவிட்டு எழுவதில்லை, உடை மாற்றுவதில்லை. வில்லின் நாணில் வீசுகோலைத் தட்டும் வேகத்தையும் குரலையும் மாற்றியே அரசனாகவும், அழுகிற தாயாகவும், அடுத்த நொடியில் கதை சொல்பவராகவும் ஆகிவிடுவார், பின்பாட்டுக்காரர் 'ஆமா' போடுவதற்குள். கலைவாணரின் நடிப்புக்கு நாடகக் கம்பெனிப் பயிற்சியைக் காரணம் சொல்வார்கள். அது சரிதான், ஆனால் அதன் வேர் இந்த வில்லடியில் இருக்கிறது என்பதே என் எண்ணம். பின்னாளில் காந்தியின் கதையையே அவர் வில்லிசையாகப் பாடினார்.

1949-இல் வெளிவந்த 'நல்லதம்பி'யில் வரும் கிண்டனார் காலட்சேபத்தை, அதாவது பாட்டோடு கதை சொல்லும் பகுதியைப் பாருங்கள். நந்தனாருக்குத் தில்லை எப்படியோ, கிண்டனாருக்குப் பள்ளிக்கூடம் அப்படி. காலட்சேபம் செய்யும் பாகவதரின் தோரணையைக் கொஞ்சமும் குறைக்காமல், அந்த மரபையே கேலி செய்துகொண்டு, ஒடுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளையின் படிப்பைப் பற்றிப் பேசுகிறார். பாட்டும் பகடியும் பிரசாரமும் ஒரே மூச்சில் வருகின்றன.

பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944-இல் கைதாகி, 1947-இல் விடுதலை பெற்று வந்த பிறகு செய்த வேலை இது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சிறை மீண்டவர் பழைய நகைச்சுவைத் துணுக்குகளோடு நின்றுவிடாமல், 1951-இல் 'மணமகள்', அடுத்த ஆண்டே 'பணம்' என இரு படங்களை இயக்கினார். பத்மினிக்குத் தமிழில் கதாநாயகி வாய்ப்பு 'மணமகள்' மூலம்தான் வந்தது.

நாகர்கோவில் மணிமேடையில் உள்ள அவர் சிலைக்கு மாலை போடும் நாள்களில் பேச்சாளர்கள் அவருடைய வள்ளல் குணத்தை மட்டுமே சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறார்கள். (அவர் ஏமாந்த கதைகள் வேறு, ஆண்டுக்கு ஒன்றாய்ப் பெருகுகின்றன!) கொடுத்ததைப் பேசட்டும், அன்று மாலையே மாவட்டத்தில் ஏதேனும் ஒரு பள்ளி அரங்கில் கிண்டனார் பகுதியைத் திரையிட்டால், சிலையாக மட்டுமே அவரை அறிந்த பிள்ளைகள் நடிகராகவும் பார்ப்பார்கள்.