"ரெண்டு பக்கமும் சொல்லிக்கொடுங்க" என்பவர்களுக்கு

இங்கே அமெரிக்காவில் எங்கள் பள்ளி வாரியக் கூட்டத்தில், உயிர்களைக் கடவுளே படைத்தார் என்பதையும் அறிவியல் வகுப்பில் நடத்தச் சொல்லி ஒருவர் பேசினார். "பரிணாமத்தையும் நடத்தட்டும், படைப்பையும் நடத்தட்டும், பிள்ளைகளே முடிவு செய்யட்டும்" என்று அந்த ஆள் சொன்னதும் பாதி அரங்கம் கைதட்டியதே, அதுதான் இன்னும் ஆறவில்லை.

எந்த ரெண்டு பக்கம்? அறிவியல் வகுப்பில் அறிவியலைத்தான் நடத்த வேண்டும். 'பரிணாமம் நடத்தினால் படைப்பு அறிவியலும் நடத்து' என்ற லூசியானா மாநிலச் சட்டத்தை 1987இலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அப்புறம் 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்று பெயரை மாற்றிக்கொண்டு வந்தார்கள். இங்கிருந்து காரில் போகிற தூரத்தில் இருக்கும் பென்சில்வேனியா மாநிலத்து டோவரில், 2004இல், டார்வின் கோட்பாட்டில் ஓட்டைகள் இருப்பதாக ஒன்பதாம் வகுப்பில் ஓர் அறிக்கை வாசிக்கச் சொன்னது அந்த ஊர்ப் பள்ளி வாரியம். உயிரியல் ஆசிரியர்கள் முடியாது என்றார்கள். நிர்வாகத்தினரே வகுப்புக்கு வந்து வாசித்தார்கள். பெற்றோர் 11 பேர் வழக்குப் போட்டார்கள். வாரியம் பரிந்துரைத்த புத்தகத்தின் பழைய வரைவுகளைக் கோர்ட்டில் விரித்ததும் குட்டு உடைந்தது. 1987 தீர்ப்புக்கு முன் 'படைப்பு' என்றிருந்த இடமெல்லாம் அதற்குப் பின் 'வடிவமைப்பு'! 2005 டிசம்பரில் 139 பக்கத் தீர்ப்பு: இந்த 'வடிவமைப்பு' அறிவியல் இல்லை. எழுதிய நீதிபதி ஜான் ஜோன்ஸ், குடியரசுக் கட்சி அதிபர் ஜார்ஜ் புஷ் நியமித்தவர். அவருக்கே கொலை மிரட்டல் வந்தது.

"பெரும்பான்மை கேட்கிறதே" என்பீர்கள். அந்த வாரியத்தை டோவர் மக்களே தேர்தலில் தோற்கடித்தார்கள். வழக்குச் செலவு 10 லட்சம் டாலர் பள்ளி மாவட்டத்தின் தலையில் விழுந்தது. பிள்ளைகளின் பணம் அது.

"சாமி கும்பிடுகிறவர்களைக் கேவலப்படுத்துகிறாய்" என்பீர்கள். வழக்குப் போட்டவர்களிலேயே சர்ச்சுக்குப் போகிறவர்கள் இருந்தார்கள். ஊரில் எனக்கு விலங்கியல் எடுத்த டீச்சருக்கு நெற்றி நிறையத் திருநீறு, வெள்ளிதோறும் விரதம். மனிதன் கை, வௌவால் இறக்கை, திமிங்கிலத் துடுப்பு மூன்றையும் கரும்பலகையில் வரைந்து, ஒரே எலும்புக்கு ஒரே கலர் சாக்பீஸ் தீட்டி, "பாருங்கடி, அதே எலும்பு!" என்பார். அவர் பக்தியில் என்ன குறைந்துபோனது?

கூட்டம் முடிந்து பார்க்கிங்கில் நம்ம ஆட்களே சொன்னதுதான் ரொம்ப வலிக்கிறது. "வந்த இடத்தில் அனுசரிச்சுப் போங்க, நமக்கெதுக்கு வம்பு." வந்த இடமா? வரி கட்டுகிறேன். என் மகள் அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள். பொங்கல் விழாவுக்கு அண்டா தூக்க நான் வேண்டும், பள்ளிக்கூடத்தைப் பற்றி மட்டும் வாய் திறக்கக் கூடாதா?

மாதக் கடைசியில் இதன் மீது எங்கள் வாரியத்தில் வாக்கெடுப்பு. நான் பேசத்தான் போகிறேன். வருகிறவர்கள் வாருங்கள். வராதவர்கள் என்னை அடங்கச் சொல்லாதீர்கள்.