கண்ணாடி போட்டா சிங்கப்பூர் ஆயிடுமா?

அந்த வீடியோவை எல்லாரும் பார்த்தாச்சு. ஒரு பழைய சத்திரத்துக் கல்தூணை ஜேசிபி கட்டி இழுக்குது, சுத்தி நின்னு கைதட்டுறாங்க. "முழுக்க கிளாஸ் ஃபிரண்ட், சிங்கப்பூர் மாதிரி வரப்போகுது"ன்னு குரல் வேற. நான் வருத்தப்பட்டு ரெண்டு வரி எழுதினேன். "கற்காலத்துலயே இருங்க சார்"னு ஒரு பதில். அதுக்கு ஒரு வண்டி சிரிப்பு எமோஜி. சரி.

நான் கண்ணாடிக்கு எதிரி இல்ல. திரும்பவும் சொல்றேன், எதிரி இல்ல. நல்லா நிக்கிற கல்லைப் பெயர்த்துட்டு, மேற்கு வெயிலைப் பார்த்து நீலக் கண்ணாடி ஒட்டுறதைத்தான் கேட்கிறேன். கண்ணாடி வெயிலை உள்ளே விடும். சூடேறின தரையும் மேசையும் விடுற வெப்பத்தை வெளியே விடாது. குளிர் நாட்டுக்காரன் வெயிலைப் பிடிச்சு வைக்க அதைப் போடுறான். நமக்கு என்ன, வெயிலுக்குப் பஞ்சமா?

நான் வேலை பார்த்த ஆஃபீஸ் முகப்பு முழுக்கக் கண்ணாடி. "இயற்கை வெளிச்சம்"னு பெருமை. மத்தியானம் ஆனா திரையை இழுத்துவிட்டு, டியூப்லைட் போட்டு, ஏசியைப் பதினெட்டுல வைப்போம். திரை எட்டாத இடத்துல கேஷியர் அக்கா பழைய காலண்டர் அட்டையை செலோடேப் போட்டு ஒட்டிட்டாங்க. முருகன் படம் வெளிப்பக்கம். தெருவுல போறவங்க கன்னத்துல போட்டுட்டுப் போவாங்க.

"பாரிஸ் லூவ்ர்லயே கண்ணாடிப் பிரமிடு இருக்கே"ன்னு ஒருத்தர். இருக்கு, 1989லேருந்து. லூவ்ர் பழைய அரண்மனை, இப்போ அருங்காட்சியகம். பிரமிடு அதோட முற்றத்துல நிக்குது, அரண்மனைச் சுவரைப் பெயர்த்துட்டு வைக்கல. சாதாரணக் கண்ணாடியோட பச்சைச் சாயல் பின்னாடி இருக்கிற கல்லோட நிறத்தைக் கெடுக்கும்னு, அதை வடிவமைச்ச ஐ. எம். பெய் தெளிஞ்ச கண்ணாடியைத் தனியாச் செய்யவெச்சார். நம்ம நீலக் கண்ணாடி எதைக் காட்டும்? எதிர்ல இருக்கிற டிரான்ஸ்பார்மரை. லண்டன் ஃபென்சர்ச் தெருவுல 2013ல ஒரு கட்டடத்தோட வளைஞ்ச கண்ணாடி வெயிலைக் குவிச்சு, கீழே நின்ன ஜாகுவார் காரோட பாகங்களை உருக்கிடுச்சு. லண்டன் வெயிலுக்கே அந்தக் கதி!

"கல்லும்தான் சுடும், கோயில் பிரகாரத்துல நடந்து பாருங்க." சுடும், நானும் குதிச்சு ஓடியிருக்கேன். அப்படியே மண்டபத்துக்குள்ள கால் வெச்சதும் என்ன ஆகுது, அதையும் சொல்லணும்ல? கனமான கல் சூடேறி முடிக்கிறதுக்குள்ள பொழுது சாஞ்சிடும். "கல்லுக்காக மலையை உடைக்கிறாங்க." நியாயம். நான் எங்கேய்யா உடைக்கச் சொன்னேன்? என்னைக்கோ உடைச்ச கல்லு, சும்மா நின்னுட்டிருந்துச்சு, விடுங்கன்னேன். "கல்லைப் பராமரிக்கிறது கஷ்டம்"னு சொல்றவங்களுக்கு: தஞ்சாவூர்ப் பெரிய கோயில் 1010ல முடிஞ்சது, யாரும் கயித்துல தொங்கி வாரா வாரம் விமானத்தைத் துடைக்கல.

அந்தச் சத்திரத்துத் திண்ணையில உட்கார்ந்துதான் எங்கப்பா எஸ்எஸ்எல்சிக்குப் படிச்சார். அதைச் சொன்னா "சென்டிமென்ட்"ம்பீங்க, அதனால சொல்லாம இருந்தேன்.

பெயர்த்த தூண் எங்கே போகும்னு நினைக்கிறீங்க? காரைக்குடிப் பழம்பொருள் கடைகள்ல போய்ப் பாருங்க, இந்த மாதிரி வீட்டுத் தூணெல்லாம் விலைக்குக் கிடக்கும். அங்கேயிருந்து ஏதாவது ரிசார்ட்டுக்கு. "கற்காலம்"னு எழுதின தம்பி, போன தீபாவளிக்குக் குடும்பத்தோட போய் அப்படி ஒரு தூணைக் கட்டிப்பிடிச்சு ஃபோட்டோ போட்டிருந்தீங்க. "ஹெரிடேஜ் வைப்ஸ்"னு தலைப்பு. நான்கூட லைக் போட்டேன். இன்னும் எடுக்கல.