ஊட்டி மலர்க் கண்காட்சிக்கு 200 வயதா?

"ஜான் சல்லிவன் 1823-இல் தாவரவியல் பூங்காவை அமைத்து மலர்க் கண்காட்சியையும் தொடங்கினார், இதற்கு 200 வயது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஊரின் கதையையும் பூங்காவின் கதையையும் ஒன்றாகக் குழப்பிவிட்டார்.

சல்லிவன் கோவை கலெக்டராக இருந்தபோது ஊட்டியை உருவாக்கினார், ஏரியை வெட்டினார். அதெல்லாம் சரி. ஆனால் 1841-லேயே அவர் இங்கிலாந்து திரும்பிவிட்டார். பூங்கா வேலை தொடங்கியது அதற்கப்புறம், 1848-இல். அதற்கு முன் அங்கே இருந்தது ஒரு காய்கறித் தோட்டம்தான். வெள்ளைக்காரர்கள் மாதச் சந்தா கட்டி, சமையலுக்குக் காய்கறி விளைவித்தார்கள்! அந்தச் சரிவையும் சதுப்பையும் பூங்காவாக்கியவர் லண்டன் கியூ தோட்டத்தில் தொழில் கற்ற வில்லியம் கிரகாம் மெக்கைவர். வடிகால் வெட்டி, சரிவைப் படிப்படியாகத் திருத்தி முடிக்கவே கிட்டத்தட்ட இருபது ஆண்டுகள் பிடித்தன. இன்று கூட்டம் படம் எடுக்கும் புல்வெளிகளெல்லாம் அந்த உழைப்புதான். பாவம், அவர் பெயரை யாரும் சொல்வதில்லை.

மலர்க் கண்காட்சி அதற்கும் பிந்தியது. 1896-இல்தான் முதல் கண்காட்சி. 2023 மே மாதம் நடந்தது 125-ஆவது. கொரோனாவால் 2020, 2021 இரண்டு ஆண்டும் நடக்கவில்லை, அதனால் 1896-இலிருந்து நேராக எண்ணினாலும் கணக்கு ஒத்துவராது.

200 எங்கிருந்து வந்தது என்று ஊகிக்க முடிகிறது. அதே சமயத்தில் 'ஊட்டி 200' விழாவும் நடந்தது. அது ஊருக்கு. அந்த 200-கூட சல்லிவனிலிருந்து எண்ணுவது. பூங்காவுக்கு மேலே இருக்கும் மந்தில் (தோடர் பழங்குடிகளின் குடியிருப்பில்), சல்லிவனுக்கு முன்பிருந்தே இந்த மலையில் வாழும் தோடர்களிடம் கேட்டால் வேறு கணக்கு சொல்வார்கள்.