வால் தால்யமென்டோ: வராத போருக்காகக் காத்திருந்தவர்கள்

இத்தாலியின் வடக்கு எல்லையில், ஆல்ப்ஸ் மலைக்குள் குடைந்து கட்டிய கோட்டை வரிசை ஒன்று இருக்கிறது. அரசு வைத்த பெயர் வல்லோ அல்பீனோ, அதாவது ஆல்ப்ஸ் அரண். மக்கள் வைத்த பெயர் 'நம்பமாட்டேன் வரிசை'. 1938 மார்ச்சில் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியதும் ஜெர்மனி இத்தாலிக்குப் பக்கத்து வீடாகிவிட்டது. முசோலினி வெளியே அவரோடு கைகோத்துக்கொண்டே, உள்ளூர பயந்துபோய் பாறையைக் குடைந்து பதுங்கு அறைகள் கட்டினார். இரு நாடுகளும் ஒரே அணியில் போரிட்டபோதும் வேலை நடந்தது. ஜெர்மனி நெருக்கியதால் 1942இல்தான் நின்றது. 1943 செப்டம்பரில் இத்தாலி சரணடைந்தபோது ஜெர்மன் படைகள் ஏற்கெனவே அந்த வரிசையைத் தாண்டி நாட்டுக்குள் இருந்தன.

இது ஓரளவு தெரிந்த கதை. என்னைப் பல நாளாகப் பிடித்து வைத்திருப்பது அந்தக் கோட்டைகளின் இரண்டாவது வாழ்க்கை.

1949இல் இத்தாலி நேட்டோவில் சேர்ந்தது. இப்போது பயம் கிழக்கிலிருந்து. சோவியத் அணியின் டாங்கிகள் ஆஸ்திரியா வழியாகவோ யூகோஸ்லாவியா வழியாகவோ இறங்கினால், கணவாய்களில் யார் தடுப்பது? பழைய அறைகளைத் தூசி தட்டினார்கள், புதிதாகவும் சில கட்டினார்கள். உள்ளே உட்கார ஆல்பினி வீரர்களை அனுப்பினார்கள்.

ஆல்பினி என்பது 1872இல் தொடங்கிய மலைப்படை. தொப்பியில் ஒற்றை இறகு செருகியிருப்பார்கள். அந்தந்த மலைப்பகுதி ஆட்களையே சேர்ப்பது ஆரம்பத்திலிருந்தே வழக்கமாக இருந்தது. முதல் உலகப் போரில் எழுப்பிய துணைப் பட்டாலியன்களுக்குப் பள்ளத்தாக்குகளின் பெயரை வைத்தார்கள். 'வால்' என்றால் பள்ளத்தாக்கு. அந்தப் பெயர்களைத்தான் பனிப்போர்க் காலத்துக் கோட்டைப் பட்டாலியன்களும் சுமந்தன. வால் தால்யமென்டோ அதில் ஒன்று. யூலியா என்ற ஆல்பினி பிரிகேடில் இருந்தது, இருப்பிடம் வடகிழக்கு இத்தாலியின் ஃப்ரியூலி பகுதியிலுள்ள தொல்மெட்சோ ஊர்.

அன்றைக்கு மற்ற ஆல்பினிகள் ஏறுவார்கள், இறங்குவார்கள், கோவேறு கழுதையோடு பனியில் நடப்பார்கள். இவர்களுக்கு இடம் மாறும் வேலையே இல்லை. படைப் பட்டியலில் இவர்களுக்குப் பெயர் 'தடுத்து நிறுத்தும் ஆல்பினி'. எதிரி சுற்றி வளைத்தாலும் உள்ளேயே இருந்து, சாலையை முடிந்தவரை அடைத்து வைக்க வேண்டும். பின்னால் இருக்கும் பெரும்படை தயாராகச் சில மணி நேரம் வாங்கிக் கொடுக்க வேண்டும். அந்தச் சில மணி நேரத்துக்கு விலை என்ன என்பது உள்ளே இருந்தவனுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

உள்ளே எப்படி இருக்கும் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். வெளியிலிருந்து பார்த்தால் வைக்கோல் கொட்டகை, இல்லை என்றால் வெறும் பாறை. கிட்டப் போனால்தான் தெரியும், சன்னல் என்று நினைத்தது காங்கிரீட் சுவரில் தீட்டிய வர்ணம். கனத்த இரும்புக் கதவைத் தாண்டினால் குறுகலான நடை, சுவரெல்லாம் ஈரம். மின்சாரம் போய்விட்டால் காற்றுக்குழாயின் கைப்பிடியை ஒருவர் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இயந்திரத் துப்பாக்கியின் புகையே உள்ளிருப்பவர்களை மூச்சுத் திணற வைத்துவிடும். சில இடங்களில் பழைய ஷெர்மன் டாங்கிகளையே மண்ணில் புதைத்து, பீரங்கி மட்டும் வெளியே தெரியும்படி வைத்தார்கள். எல்லாவற்றையும் கவனித்தவர்கள் கட்டாய சேவைக்கு வந்த இருபது வயதுப் பையன்கள்.

அப்புறம் 1976 மே 6, இரவு ஒன்பது மணி. ஃப்ரியூலியில் நிலம் குலுங்கியது. சுமார் 990 பேர் இறந்தார்கள். அங்குள்ள ஜெமோனா ஊரில் யூலியா பிரிகேடின் படைமுகாம் இடிந்து 29 வீரர்கள் மாண்டார்கள். கூட இருந்தவர்கள் அந்த இரவே ஊருக்குள் போய், கையால் கல்லைப் புரட்டி ஆட்களை எடுத்தார்கள். அந்தக் கோடையில் முன்னாள் ஆல்பினிகள் ஆயிரக்கணக்கில் நாடு முழுவதுமிருந்து விடுப்பெடுத்து வந்து வீடுகளுக்குக் கூரை போட்டார்கள். கிழக்கையே பார்த்துக்கொண்டிருந்த படைக்கு அடி விழுந்தது காலுக்குக் கீழேயிருந்து.

பனிப்போர் முடிந்ததும், 1990களின் தொடக்கத்தில் கோட்டைகளைக் காலி செய்தார்கள். 'ஒரு குண்டுகூடச் சுடவில்லை, அத்தனையும் வீண் செலவு' என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது சுத்தமாக ஒப்பவில்லை. முதல் உலகப் போரில் பிரான்சின் வெர்டூன் போர்க்களத்தில் நின்றவனுக்குக் கல் நடுகிறோம், நினைவு நாள் கொண்டாடுகிறோம். சரி, நடக்கட்டும். ஆனால் தன் வாலிபத்தில் ஒரு வருடத்தை ஈரச் சுவருக்குள் கழித்து, சண்டை வந்தால் வெளியே வரமுடியாது என்று தெரிந்தே கைப்பிடியைச் சுற்றிப் பழகியவனை எந்தக் கணக்கிலும் சேர்க்காமல் விடுவது அநியாயம்.

இத்தாலியின் வடக்கு எல்லை மாகாணமான தெற்குத் திரோலில் இத்தகைய அறைகள் மாகாணத்தின் கைக்குப் போய், பல தனியாருக்கு விற்கப்பட்டன. ஒன்றில் பாலாடைக்கட்டி பதப்படுத்துகிறார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை, பயன்படுகிறதே. மண்ணை அள்ளிப்போட்டு வாசலை மூடுவதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஃப்ரியூலி பக்கம் உகோவிட்சா என்ற ஊரில் பெய்ஸ்னர் கோட்டையை மக்கள் போய்ப் பார்க்கத் திறந்து வைத்திருக்கிறார்கள். வடக்கு இத்தாலிக்குப் போகும் நண்பர்கள் வெனிஸுக்குக் கொடுக்கும் நேரத்தில் அரை நாளை இதற்கும் ஒதுக்குங்கள். ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள், கோடையிலும் உள்ளே குளிரும்.