பனியாற்றுக்கு அரை மணி, நகைக்கடைக்கு ஒன்றேகால் மணி

அரசு மேல்நிலைப் பள்ளியில் முப்பத்தொரு ஆண்டுகள் புவியியல் நடத்தியவள் நான். பனியாறு, அது மலையில் குடைந்த கிண்ணம் போன்ற சர்க்கு, அது இழுத்து வந்து குவித்த கல்மண் மேடான மொரைன், ‘யு’ வடிவப் பள்ளத்தாக்கு என்று கரும்பலகையில் வரைந்து வரைந்தே ஓய்வு பெற்றேன். வரைந்ததில் ஒன்றைக்கூட நான் கண்ணால் கண்டதில்லை. என்னிடம் படித்த பிள்ளைகளும் கண்டதில்லை. சியாட்டிலில் வேலை பார்க்கும் என் மகன் இதை மனத்தில் வைத்திருந்து, சென்ற கோடையில் என்னையும் என் கணவரையும் தன் குடும்பத்தோடு சேர்த்து, அலாஸ்கா செல்லும் சொகுசுக் கப்பல் ஒன்றில் ஏழு இரவுப் பயணத்துக்கு அழைத்துப் போனான். நீச்சல் குளத்துக்காகவோ நள்ளிரவு வரை கிடைக்கும் சாப்பாட்டுக்காகவோ அவன் அந்தக் கப்பலைத் தேர்ந்தெடுக்கவில்லை. நிலவியல் தெரிந்தவர்களும் கடல்வாழ் உயிரினங்களைப் படித்தவர்களும் வரலாற்று ஆய்வாளர்களும் கூடவே வருவார்கள், தினமும் விரிவுரை உண்டு, ஊர் திரும்பும்போது அறிவோடு திரும்பலாம் என்று அந்த நிறுவனத்தின் கையேடு இரண்டு பக்கம் ஒதுக்கிச் சொல்லியிருந்தது. அதற்காகத்தான் மற்றக் கப்பல்களைவிடக் கூடுதலாகப் பணம் கட்டினான். அந்த வாக்குறுதி என்ன ஆனது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். திரும்பி வந்து இரண்டு மாதங்கள் ஆகியும் எனக்கு ஆற்றாமை தீரவில்லை.

இரண்டாம் நாள் முழுவதும் கப்பல் கடலில் இருந்தது. காலை பத்து மணி முதல் பதினொன்று வரை, ஆறாவது தளத்துச் சிறிய கூடத்தில், பனியாறுகளைப் பற்றிய விரிவுரை என்று நிகழ்ச்சி நிரலில் அச்சிட்டிருந்தார்கள். பத்து வயதுப் பேத்தியையும் அழைத்துக்கொண்டு ஒன்பதரைக்கே போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். நூறு பேர் உட்காரக்கூடிய இடம் அது. பத்து மணிக்குள் நிரம்பி, சுவரோரமாகவும் வாசலிலும் மக்கள் நின்றுகொண்டிருந்தார்கள். பேச வந்தவர் பல்கலைக்கழகத்திலிருந்து ஓய்வு பெற்ற நிலவியல் பேராசிரியை. பொழியும் பனி ஆண்டுக்கணக்கில் அடுக்கடுக்காக அழுந்தி எப்படிக் கட்டியாகிறது, அவ்வளவு கனமான கட்டி தன் எடையாலேயே எப்படி நகர்கிறது, நகரும்போது பாறையை எப்படித் தேய்த்துச் செல்கிறது என்று அவர் அழகாக விளக்கிக்கொண்டு வந்தார். என் பேத்தி தன் குறிப்பேட்டில் ஒரு கேள்வியை முந்தைய இரவே எழுதி வைத்திருந்தாள்: பனிக்கட்டி ஏன் நீலமாகத் தெரிகிறது? பேராசிரியையும் அப்போது அதைக் காட்டும் படத்துக்குத்தான் வந்திருந்தார். திரையில் நீல நிறப் பனிச்சுவர் தெரிந்தது.

அப்போது மணி பத்தரைகூட ஆகவில்லை. பின்கதவைத் திறந்துகொண்டு நான்கு ஊழியர்கள் மரச் சட்டங்களையும் துணி போர்த்திய ஓவியங்களையும் தூக்கி வந்தார்கள். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே, அவருடைய முதுகுக்குப் பின்னால் அவற்றை ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள். கோட்டு அணிந்த ஒருவர் இன்னொரு மைக்கை எடுத்து விரலால் தட்டிப் பார்த்தார். பிறகு பேராசிரியையின் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். ஓவிய ஏலத்துக்குக் கூடத்தை ஆயத்தம் செய்ய வேண்டியிருப்பதால் இத்துடன் முடித்துக்கொள்கிறேன், மன்னித்துவிடுங்கள் என்று அந்த அம்மையார் எங்களைப் பார்த்துச் சொன்னார். அவர் எதற்காக மன்னிப்புக் கேட்க வேண்டும்? திரை அணைந்தது. கையைத் தூக்கியபடி உட்கார்ந்திருந்த குழந்தை மெல்லக் கையை இறக்கிக்கொண்டாள்.

வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது தலைமையாசிரியரே வந்தாலும் கதவருகே நின்று அனுமதி கேட்டுத்தான் உள்ளே வருவார். அறிவைத் தருகிறோம் என்று விளம்பரம் செய்து பணம் வாங்கியவர்களுக்கு அந்த அடிப்படை மரியாதைகூடத் தெரியவில்லையே என்று அன்று என் கை நடுங்கியது. அந்தப் பேராசிரியைக்குச் சம்பளம் கிடையாது, தங்க அறையும் சாப்பாடும் மட்டும்தான் தருகிறார்கள் என்பதை மறுநாள் உணவுக்கூடத்தில் அவரிடமே பேசித் தெரிந்துகொண்டேன். பல கப்பல்களில் இதுதான் நடைமுறையாம். காசு கொடுக்காமல் ஒருவருடைய வாழ்நாள் படிப்பை வாங்கிக்கொண்டு, அதற்கு ஒரு மணி நேரத்தையும் முழுதாகத் தர மாட்டார்கள் என்றால் இதை என்னவென்று சொல்வது?

அதே நாள் மதியம் இரண்டு மணிக்கு, ஆயிரம் பேர் உட்காரும் பெரிய அரங்கத்தில், ‘துறைமுகங்களை அறிவோம்’ என்ற பொருளில் ஓர் உரை இருந்தது. ஜூனோ, ஸ்காக்வே, கெட்சிக்கன் ஆகிய ஊர்களைப் பற்றிச் சொல்வார்கள் என்று நம்பிக் குடும்பத்தோடு போனோம். ஒன்றேகால் மணி நேரம் அந்த இளைஞர் பேசியது முழுவதும் நகைக்கடைகளைப் பற்றித்தான். எந்தத் துறைமுகத்தில் எந்தக் கடை, எந்தக் கடையில் இலவசப் பதக்கம், எங்கே வைரத்துக்குத் தள்ளுபடி என்று சொல்லிவிட்டு, கடைகளை மட்டும் குறித்த ஒரு வரைபடத்தை ஆளுக்கொன்று கொடுத்தார். அதில் அருங்காட்சியகம் இல்லை, நூலகம் இல்லை, நடைபாதை இல்லை. அடியில் பொடி எழுத்தில், இந்தக் கடைகள் விளம்பரக் கட்டணம் செலுத்தியவை என்று இருந்தது. அதிகமாகப் புகழப்பட்ட கல் டான்சனைட். உலகத்தில் அது கிடைப்பது கிளிமஞ்சாரோ மலைக்கு அருகே, டான்சானியாவின் மெரெலானிக் குன்றுகளில் மட்டும்தான். அலாஸ்காவுக்குக் கூட்டிப்போகிறோம் என்று சொல்லி, அந்த மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், ஆப்பிரிக்கக் கல்லை விற்பதற்கு அறிவுரை என்று பெயர் வைக்கிறார்கள். இந்த உரையைப் பதிவு செய்து, பயணம் முடியும்வரை எங்கள் அறைத் தொலைக்காட்சியில் இரவும் பகலும் ஓட்டினார்கள். பாதியில் நிறுத்தப்பட்ட பனியாற்று விரிவுரையை ஒருமுறைகூட ஒளிபரப்பவில்லை.

அந்த ஊர்களைப் பற்றிச் சொல்வதற்கு விஷயமா இல்லை? ஜூனோ அலாஸ்காவின் தலைநகரம். ஆனால் வெளியுலகிலிருந்து அந்த ஊருக்குச் சாலை வழியே கிடையாது, கப்பலில் வர வேண்டும் அல்லது விமானத்தில் வர வேண்டும். ஒரு மாநிலத் தலைநகரம் ஏன் அப்படி இருக்கிறது என்ற ஒரு கேள்வியை வைத்தே ஒரு மணி நேரம் பாடம் நடத்தலாம். ஸ்காக்வே வழியாகத்தான் 1897, 1898ஆம் ஆண்டுகளில் கனடாவின் குளோண்டைக் பகுதித் தங்கத்தைத் தேடி ஆயிரக்கணக்கானவர்கள் மலையேறினார்கள். கனடா எல்லைக் காவலர்கள் ஓராண்டுக்கான உணவும் உடைமையும் இல்லாதவர்களை உள்ளே விடவில்லை என்பதால், ஏறக்குறைய ஒரு டன் சுமையை ஒவ்வொருவரும் தவணை தவணையாக முதுகில் சுமந்து அதே செங்குத்தான பாதையில் ஏறி இறங்கியிருக்கிறார்கள். வொயிட் பாஸ் கணவாயில் மூவாயிரம் குதிரைகள் வரை செத்து விழுந்தன. பிறகு 1898இல் தொடங்கி 1900இல் முடித்த அகலம் குறைந்த தண்டவாளத்தில் இன்றும் ரயில் ஓடுகிறது. இவற்றை நான் சியாட்டிலில் பேத்தியின் பள்ளி நூலகப் புத்தகத்தைப் படித்துத் தெரிந்துகொண்டேன்; கப்பலில் எவரும் சொல்லவில்லை. கெட்சிக்கனில் 1976இல் தொடங்கிய டோட்டம் பாரம்பரிய மையத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் செதுக்கப்பட்ட குலமரபுத் தூண்களைச் சாயம் பூசிப் புதுப்பிக்காமல் அப்படியே காத்து வைத்திருக்கிறார்கள். கப்பல் நின்ற இடத்திலிருந்து நடந்தே போய்விடலாம். எங்களோடு இறங்கியவர்களில் பெரும்பாலோர் அந்த வரைபடத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நகைக்கடை வாசலில் வரிசையில் நின்றார்கள். அவர்கள் மீது எனக்குக் கோபமில்லை. ஊரில் வேறு என்ன இருக்கிறது என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்?

முழங்கால் வலிக்காரரான என் கணவர், நடையையும் கால் நலத்தையும் பற்றிய இலவசக் கருத்தரங்கம் என்று கேள்விப்பட்டுப் போனார். பாதத்தின் தடத்தைப் பதித்துப் பார்த்துவிட்டு, நூறு டாலருக்கு மேல் விலையுள்ள காலணி உள்ளட்டையை வாங்கச் சொன்னார்களாம். இதுவும் நிகழ்ச்சி நிரலில் அறிவு வளர்க்கும் நிகழ்ச்சிகள் என்ற தலைப்பின் கீழ்தான் இருந்தது.

இவ்வளவும் சொன்ன பிறகு ஐந்தாம் நாளைப் பற்றிச் சொல்லாவிட்டால் நேர்மையாகாது. அன்று கப்பல் கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குள் நுழைந்தது. ஒரு நாளைக்கு இரண்டு பெரிய பயணக் கப்பல்களுக்கு மேல் அங்கே அனுமதியில்லை. காலையில் சிறு படகில் வந்த ரேஞ்சர்கள், அதாவது பூங்காவைக் காக்கும் அலுவலர்கள், ஓடிக்கொண்டிருந்த கப்பலின் பக்கவாட்டு ஏணியில் ஏறி உள்ளே வந்தார்கள். அவர்களோடு அந்த மண்ணின் ஹூனா டிலிங்கிட் மக்களில் ஒருவரும் வந்தார். அன்று ஒரு நாள் ஒலிபெருக்கி அவர்கள் கையில் இருந்தது. 1794இல் ஆங்கிலேயக் கடலோடி வான்கூவரின் ஆட்கள் வந்தபோது இந்த விரிகுடாவின் வாயிலேயே பனிச்சுவர் நின்றது, 1916க்குள் அது ஏறக்குறைய 105 கிலோமீட்டர் பின்வாங்கிவிட்டது, நீங்கள் இப்போது மிதந்து செல்லும் இடம் முழுவதும் அன்று பனிக்கு அடியில் இருந்தது என்று ரேஞ்சர் சொன்னபோது தளத்தில் நின்ற கூட்டம் அப்படியே அமைதியானது. முன்னேறி வந்த பனி தங்கள் முன்னோரை ஊரை விட்டுத் துரத்திய கதையையும், 2016இல் பார்ட்லெட் கோவ் கரையில் தங்களுக்கு மீண்டும் ஒரு குலமரபு இல்லம் எழுந்ததையும் அந்த ஹூனா பெண்மணி சொன்னார். மார்ஜரி பனியாற்றின் முன்னே கப்பல் நின்றது. சுவர் ஓரத்திலிருந்து ஒரு துண்டு பிளந்து நீரில் விழுந்தது; விழுந்தது கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் இடிபோன்ற சத்தம் காதுக்கு வந்தது. சத்தத்துக்கும் ஒளிக்கும் உள்ள வேகத்தை எத்தனை ஆண்டு நடத்தியிருப்பேன்! என் பேத்தி ரேஞ்சரிடம் ஓடிப்போய்த் தன் கேள்வியைக் கேட்டாள். அழுத்தத்தில் காற்றுக் குமிழ்கள் நசுங்கிப் பனிக்கட்டி அடர்த்தியாகிறது, உள்ளே நுழையும் ஒளியில் சிவப்பு நிறத்தை அது உறிஞ்சிக்கொள்கிறது, நீலம் மட்டும் வெளியே வருகிறது என்று அவர் மண்டியிட்டு உட்கார்ந்து, குழந்தையின் கண்ணுக்கு நேராகப் பார்த்துப் பதில் சொன்னார்.

அந்தப் பூங்காவுக்குள் இருந்த ஒன்பது மணி நேரமும் ஓவிய ஏலமும் இல்லை, நகை மேசையும் இல்லை. கப்பல் மூழ்கிவிடவில்லை. பயணிகள் சலித்துப் போய் அறைக்குள் படுத்துவிடவும் இல்லை. ஆகவே பயணிகளுக்கு இவற்றில் ஆர்வமில்லை என்று அந்த நிறுவனம் இனி என்னிடம் சொல்ல முடியாது. முன்பு சொன்னார்கள். விரிவுரை நிறுத்தப்பட்ட அன்றே வரவேற்பு மேசைக்குப் போய்க் கேட்டேன். ஏலத்துக்குத்தான் பயணிகளிடம் வரவேற்பு அதிகம் என்று பதில் வந்தது. வரவேற்பு அதிகம் என்றால் விரிவுரைக்கு வாசல்வரை ஏன் கூட்டம் நின்றது? அந்த மேசையில் நின்ற பெண் மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்து வேலை செய்யும் பிலிப்பைன்ஸ்காரர். அவரிடம் நான் குரலை உயர்த்தவில்லை. அவருக்கு மேலே இருப்பவர்கள்தான் என் குரலைக் கேட்க வேண்டியவர்கள்.

சக பயணிகளிடமும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அதே ஐந்தாம் நாள் காலை ஆறு மணிக்கு, கப்பலின் முன்முகப்பில் இருக்கும் கண்ணாடிக் கூடத்துக்கு என் கணவரை அழைத்துப் போனேன். நின்றால் வலிக்கும், உட்கார்ந்து பார்க்கட்டும் என்று நினைத்தேன். ஜன்னலோர நாற்காலி ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு, ஒரு புத்தகம், ஒரு சட்டை. ஆள் மட்டும் இல்லை. எட்டு மணிவரை எவரும் வரவில்லை. அதுவரை என் கணவர் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு காலி நாற்காலிகளுக்கு நடுவில் நின்றார். யாராவது ஊழியர் அந்தத் துணிகளை எடுத்து வைப்பார்கள் என்று பார்த்தேன், நடக்கவில்லை. எழுபது வயதைத் தாண்டிய மனிதர் பக்கத்தில் நிற்கிறார் என்று தெரிந்தும், எட்டு மணிக்குக் காப்பிக் கோப்பையோடு வந்து அமைதியாக உட்கார எப்படி மனம் வருகிறது?

ஊர் வந்து சேர்ந்ததும் மின்னஞ்சலில் கருத்துக் கேட்புப் படிவம் வந்தது. மெத்தை, தலையணை, மது வகைகள், சூதாட்டக் கூடம், ஸ்பா என்று பக்கம் பக்கமாகக் கேள்விகள். விரிவுரைகளைப் பற்றி ஒரே ஒரு கேள்வி, அதுவும் ஒன்று முதல் ஐந்துக்குள் ஓர் எண்ணைத் தொடுவதோடு சரி. நான் அதை விட்டுவிட்டு மூன்று பக்கக் கடிதம் எழுதினேன். நேரம் குறித்த விரிவுரையை எந்த விற்பனைக்காகவும் பாதியில் நிறுத்தக் கூடாது; விற்பனைப் பேச்சுக்கு விற்பனை என்றே பெயர் எழுதி வைக்க வேண்டும்; பேச வருபவர்களுக்கு அவர்கள் உழைப்புக்குரிய ஊதியம் தர வேண்டும்; பெரிய அரங்கத்தைத் தினமும் ஒரு மணி நேரமாவது அவர்களுக்கு ஒதுக்கி, அதைப் பதிவு செய்து அறைத் தொலைக்காட்சியில் காட்ட வேண்டும் என்று கேட்டிருந்தேன். இவற்றில் எதற்கும் பெரிய செலவில்லை.

ஐந்து வாரங்கள் கழித்துப் பதில் வந்தது. என் கடிதத்தில் இருந்த ஒரு வரிக்கும் அதில் விடையில்லை. அடுத்த பயணத்துக்குப் பதினைந்து விழுக்காடு தள்ளுபடி என்று மட்டும் இருந்தது. அந்தத் தள்ளுபடியை வேண்டாம் என்று எழுதி, பழைய கடிதத்தின் நகலையும் இணைத்து, நேற்று மறுபடியும் அனுப்பியிருக்கிறேன்.