வீதியைக் கடக்க விட்டால் என்ன குறைந்துபோகும்?

நேற்று, 2015 ஜனவரி 13, பாப்பரசர் பிரான்சிஸ் இலங்கைக்கு வந்திறங்கினார். அவருடைய ஊர்வலத்துக்காக மூடிய நீர்கொழும்பு வீதியோரம் அகப்பட்டுக்கொண்டவர்களுக்கு நான் எதையும் விளக்கத் தேவையில்லை. இன்னும் வயிறு எரிகிறது, அதனால் எழுதுகிறேன்.

அம்மாவுக்குச் சீனி வருத்தம். வெறும் வயிற்றில் பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்துவிட்டுக் கிளினிக்கிலிருந்து வந்துகொண்டிருந்தோம். வத்தளையில் எங்கள் ஒழுங்கை வீதிக்கு அந்தப் பக்கம். ஒழுங்கை முனைக் கடையில் தொங்கும் வாழைக்குலை இங்கிருந்தே தெரிகிறது. நடுவில் ஒரு கயிறு, ஒரு பொலிஸ்காரர். வீதியில் ஒரு சைக்கிள்கூட இல்லை. பாப்பரசரின் விமானம் அப்போதுதான் இறங்கியிருக்கும்.

"அம்மா இன்னும் சாப்பிடவில்லை, வீடு அதோ தெரிகிறது" என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அடுத்த சந்தியில் கேட்கச் சொன்னார். அம்மாவைக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு போனேன். அங்கே இருந்தவர், "இங்கே முடியாது, வந்த இடத்திலேயே கேளுங்கள்" என்றார். திரும்பி வந்தால் பழைய ஆள் இல்லை. புதிதாக நின்றவர், "இங்கே கடக்க முடியாதென்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லையா?" என்று என்னையே அதட்டுகிறார்! மருந்துச்சீட்டைக் காட்டினேன், பார்க்கவில்லை. மேலதிகாரி யாரென்று கேட்டேன், முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மாவுக்குக் கை நடுங்கத் தொடங்கிவிட்டது. வியர்வை வழிகிறது. பத்து எட்டு வைத்தால் வீடு, ஐயா, பத்தே எட்டு!

சிலாபத்திலிருந்து விடியமுன்னமே வந்து இடம்பிடித்திருந்த ஒரு ஆச்சிதான் காப்பாற்றினார். கையில் செபமாலை. தன் பையிலிருந்த மாரி பிஸ்கட்டை உடைத்து அம்மாவின் வாயில் வைத்து, குடையையும் பிடித்தார். "இந்த மனுசியைக் கடக்க விட்டால் பாப்பரசர் கோபிக்கவா போகிறார்?" என்று பொலிஸ்காரரிடம் கேட்டதும் அவர்தான். பதில் இல்லை.

நான் பாப்பரசரைக் குறை சொல்லவில்லை. அவர் கொதிக்கும் வெயிலில் திறந்த வாகனத்தில் நின்று, சனத்துக்குக் கை காட்டிக்கொண்டே வந்தார். அதனால் ஊர்வலம் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் தாமதம். களைத்துப்போய் ஆயர்களோடு இருந்த சந்திப்பையே விட்டுவிட்டார். எழுபத்தெட்டு வயது மனிதர் சனத்துக்காக வெயிலில் காய்கிறார். அவர் பேரைச் சொல்லி வீதியை மூடியவர்களுக்கு ஒரு நோயாளியை அந்தப் பக்கம் அனுப்ப மனம் வரவில்லை. இதுதான் என் கோபம், வேறொன்றுமில்லை. வாகனத்தை மறியுங்கள், யார் வேண்டாமென்றது? இரண்டு மணித்தியாலம் வெறுமையாகக் கிடந்த வீதியில் ஆட்களைக் கூட்டம் கூட்டமாகக் கடக்க விட்டால் எந்தப் பாதுகாப்புக் கெடும்? ஊர்வலம் போன பிறகும் கயிறு அவிழவில்லை. அதற்கு என்ன காரணம் சொல்வீர்கள்?

இன்று காலை கொழும்பு காலிமுகத்திடலில் யோசப் வாஸ் அடிகளாருக்குப் புனிதர் பட்டம். 1995இல் அப்போதைய பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் அவருக்கு, புனிதர் பட்டத்துக்கு முந்திய படியான முத்திப்பேறு பட்டம் கொடுத்ததும் இதே திடலில்தான். வாஸ் அடிகளார் யார்? ஒல்லாந்தர் கத்தோலிக்கரை வேட்டையாடிய காலத்தில், 1687இல், கோவாவிலிருந்து பிச்சைக்காரர் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து, தமிழிலும் சிங்களத்திலும் போதித்து, காடு மேடெல்லாம் நடந்து நோயாளிகளைத் தேடிப்போனவர். அவருடைய விழாவுக்காக ஒரு நோயாளியை நடக்க விடாமல் மறித்தார்கள். நினைக்க நினைக்க ஆறவில்லை.

இந்த வருகையால் ஊருக்கு வரும்படி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. மஞ்சள் வெள்ளைக் கொடி விற்ற பையனின் கை ஓயவில்லை. செவ்விளநீர் ஏறின விலையிலும் தீர்ந்துபோனது. நாங்கள் எத்தனை மனு எழுதியும் அசையாத எங்கள் சந்திக் கானை ஒரே இரவில் சுத்தமாக்கினார்கள். முடியும்தானே? அப்படியானால் இத்தனை வருடம் நாங்கள் நாற்றத்தில் கிடந்தது எதற்கு? பணத்தை விடுங்கள், இன்று பின்னேரம் பாப்பரசர் வடக்கிலுள்ள மடு மாதா கோவிலுக்குப் போனார். 2008இல் போருக்குப் பயந்து மாதாவின் சொரூபத்தையே தூக்கிக்கொண்டு இடம்பெயர்ந்த இடம். பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் நிறைந்த அந்தக் கூட்டத்தில் வந்து நின்றாரே, அதற்கு எந்த விலையும் ஈடாகாது. சைவக்காரியான என் அம்மாவே நேற்று அந்த நடுக்கத்தோடும், வாகனம் கடக்கையில் கைகூப்பினார்.

ஆனால் நடைபாதையில் பொங்கல் பானை விற்கும் அக்காவுக்கு இந்த இரண்டு நாளும் போய்விட்டதே. அவருக்கு வருடத்திலேயே பெரிய வியாபாரம் இதுதான். நேற்றே சாக்கைச் சுருட்டி எழுப்பிவிட்டார்களாம். இன்றும் அவரைக் காணவில்லை. நாளை மறுநாள் பானையை யார் வாங்குவார்கள்?

நாளை தைப்பொங்கல். நாளைக் காலைதான் பாப்பரசர் மணிலாவுக்குப் புறப்படுகிறார், வந்திறங்கிய அதே கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து. எங்கள் பிள்ளையார் கோவிலோ வீதிக்கு மறுபக்கம். எத்தனை மணிக்கு மூடுவீர்கள், எப்போது திறப்பீர்கள்? சந்தியில் ஒட்டியிருக்கும் அறிவித்தல் தனிச் சிங்களத்தில்தான் இருக்கிறது, நேரம் அதிலும் இல்லை. தமிழும் அரசகரும மொழி என்று சட்டத்தில் எழுதி எத்தனை வருடமாகிறது? ஒரு தாள், நாலு வரி. அதைக்கூட எங்களுக்கு எழுதி ஒட்ட ஆளில்லையா?